பிரான்சைஸ் எடுப்பதற்கு முன்: ராயல்டிக் கணக்கைப் படிக்கும் முறை

ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமமான பிரான்சைஸை எடுக்க நினைப்பவர்கள், அதற்காகத் தொடர்ந்து செலுத்த வேண்டிய கட்டணமான ராயல்டி எத்தனை சதவீதம் என்று தவறாமல் கேட்கிறார்கள். அந்தச் சதவீதம் எதன் மீது கணக்கிடப்படுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுகிறது. லாபத்தின் மீது அன்று. இந்த ஒரு விவரம் பிடிபட்டுவிட்டால், ஒப்பந்தத்தின் மற்ற விதிகள் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் மெல்லப் பிடிபடத் தொடங்கும்.

ஏற்பாடு எளிமையானதுதான். பெயர், வணிகச் சின்னம், செய்முறை, பயிற்சி ஆகியவற்றைத் தலைமை நிறுவனம் தருகிறது. முதலீடு, ஆட்கள், அன்றாட உழைப்பு, நட்டம் வந்தால் அந்த நட்டம் ஆகிய அனைத்தும் பிரான்சைஸ் எடுப்பவரைச் சேர்ந்தவை. தொடக்கத்தில் ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. பெரும்பாலும் அது திரும்பி வராது. அதன்பின் மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் ராயல்டியும், பொது விளம்பர நிதிக்கான பங்கும் செலுத்த வேண்டும். சரக்கைத் தலைமை நிறுவனத்திடமோ அது கைகாட்டும் வணிகரிடமோதான் வாங்க வேண்டும் என்று விதியிருந்தால், அந்தக் கொள்முதல் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ராயல்டியே கிடையாது என்று விளம்பரப்படுத்தும் நிறுவனம் தன் வருமானத்தைச் சரக்கு விலைக்குள் வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனி ஒரு தாளை எடுத்துக் கணக்கை எழுதுங்கள். ஒரு கடையின் மாத விற்பனை 100 பங்கு என்று கொள்வோம். சரக்குக்கு 35, சம்பளத்திற்கு 25, வாடகைக்கு 12, மின்சாரம் முதலிய பிற செலவுகளுக்கு 10 போகின்றன. ராயல்டி 6 சதவீதம், விளம்பர நிதி 3 சதவீதம் என்றால் மேலும் 9 போகும். கையில் நிற்பது 9. கடன் வாங்கித் தொடங்கியிருந்தால் தவணையும் இதிலிருந்துதான். விற்பனை 90 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? சரக்குச் செலவு 31.5 ஆக இறங்கும். சம்பளம், வாடகை, பிற செலவு மூன்றும் சேர்ந்து அதே 47 தான். தலைமை நிறுவனத்திற்குரியது 8.1. மிஞ்சுவது 3.4. விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்குத் தலைமை நிறுவனத்தின் வருமானமும் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. கடைக்காரரின் வருமானமோ பாதிக்கும் மேல் கரைந்துவிட்டது.

இதே தாளில் இன்னொரு வரியையும் எழுதிப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் அதே பெயரில் இரண்டாவது கடை திறக்கப்பட்டு, இரண்டிலும் தலா 80 பங்கு விற்பனை நடக்கிறது. தலைமை நிறுவனத்திற்கு வருவது 9 இலிருந்து 14.4 ஆக உயர்கிறது. ஒவ்வொரு கடைக்கும் சரக்கு 28, நிலையான செலவு 47, கட்டணங்கள் 7.2 என்று மொத்தம் 82.2 ஆகிறது, ஆக, இரு கடைகளுமே நட்டத்தில் ஓடுகின்றன. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தப்படியேதான் எல்லாம் நடக்கிறது. ஆகவே உங்களுக்கான எல்லை எது, அந்த எல்லைக்குள் இன்னொரு கடை திறக்கத் தடை உண்டா, இணையவழி விற்பனையும் வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்களும் யார் கணக்கில் சேரும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி உறுதி இங்கே செல்லுபடியாகாது.

வாடகை யாரிடம் போகிறது என்பதும் முக்கியம். 1955 இல் ரே கிராக் மெக்டொனால்ட்ஸ் பெயரில் தன் முதல் கடையைத் திறந்தபோது, உரிமம் எடுத்தவர்களிடமிருந்து அவருடைய நிறுவனம் விற்பனையில் 1.9 சதவீதம் வாங்கியது, அதில் 0.5 சதவீதம் அந்தப் பெயரில் முதலில் உணவகம் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்களுக்குச் சென்றுவிட்டது. மிச்சத்தை வைத்து நிறுவனத்தை வளர்க்க முடியாது என்று கண்ட, கிராக்கின் நிதிப் பொறுப்பாளர் ஹாரி சொன்னபோர்ன், இடத்தை நிறுவனமே கையில் வைத்துக்கொண்டு, கடை நடத்துபவருக்கு அதை உள்வாடகைக்கு விடும் வழியைக் கொண்டுவந்தார். வணிக நோக்கில் அது அபாரமான யோசனை. ஆனால் உரிமம் தருபவரே இடத்துக்கும் சொந்தக்காரராக இருந்தால், ஒப்பந்தம் முறியும் நாளில் பெயரோடு இடமும் போய்விடும் என்பதைக் கடை எடுப்பவர் மறக்கலாகாது.

அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, கையெழுத்திடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே 23 தலைப்புகள் கொண்ட விவர ஆவணத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். வழக்குகள், மொத்த முதலீட்டு மதிப்பீடு, மூடப்பட்ட கடைகளின் எண்ணிக்கை, அண்மையில் விலகியவர்களின் தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்கும். இத்தகைய தனிச்சட்டம் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் இதே விவரங்களைத் தாங்களே எழுதிக் கேட்கலாம். கொடுக்க மறுக்கும் நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச எனக்குக் காரணம் தெரியவில்லை.

நிறுவனம் அறிமுகப்படுத்தும் வெற்றிகரமான கடைக்காரர்களைச் சந்திப்பதில் தவறில்லை. எனினும் விலகியவர்களைத் தேடிப் பேசுவதே அதிகம் பயன் தரும். வரவும் செலவும் சமமாக எத்தனை மாதமாயிற்று, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள், கடையை வேறொருவருக்கு விற்க நிறுவனம் ஒப்புக்கொண்டதா, விலகிய பின் அதே தொழிலை எத்தனை ஆண்டுகளுக்குச் செய்யக் கூடாது என்று தடை போட்டார்கள் என்று கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஒப்பந்த முறிவு, புதுப்பித்தல் பற்றிய விதிகளை ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து வரி வரியாகப் படித்த பிறகு நுழைவுக் கட்டணத்தைக் கட்டலாம்.