லிங்கன் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பென்னாகரம் பக்கம் வரலாறு எடுக்கிறேன். அமெரிக்க அடிமை ஒழிப்பை நடத்தப்போகும் புது ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: லிங்கனில் ஆரம்பிக்காதீர்கள். நல்லவர் ஒருவர் கையெழுத்துப் போட்டார், விடுதலை வந்தது என்று பதிந்துவிட்டால் மாற்றுவது கஷ்டம்.

முதலில் கரும்பலகையில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வரைபடம். வடக்குக்கு வெள்ளைச் சாக்பீஸ், பிரிந்துபோன 11 தெற்கு மாநிலங்களுக்குச் சிவப்பு. டெலவேர், மேரிலாந்து, கென்டகி, மிசோரிக்கு மஞ்சள். அடிமை முறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்றவை இவை. மஞ்சளை விட்டால் மீதிப் பாடமே புரியாது.

அப்புறம் 1861 மே, வர்ஜீனியாவின் மன்றோ கோட்டை. மூன்று அடிமைகள் இரவோடு இரவாகப் படகில் தப்பி வடக்குப் படையிடம் வந்தார்கள். எஜமானர் சார்பில் ஆள் வந்து கேட்டும் தளபதி பட்லர் தரவில்லை. எதிரி போருக்குப் பயன்படுத்தும் சொத்து, பறிமுதல் செய்யலாம் என்றார். சேதி பரவி, கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். இந்த இடத்தில் நிதானமாகப் பேசுங்கள்.

1862 ஏப்ரல் 16: தலைநகர் வாஷிங்டனில் விடுதலைச் சட்டம். ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு, அதுவும் எஜமானருக்கு! சூளையில் அட்வான்ஸ் வாங்கிய வீட்டுப் பிள்ளைகள், "உழைச்சவனுக்கு என்ன சார்?" என்பார்கள். கேட்கட்டும், அவசரமாகப் பதில் சொல்லாதீர்கள்.

1863 ஜனவரி 1: பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்ற லிங்கனின் பிரகடனம். அது எட்டும் இடங்களை அழிக்க டஸ்டரைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். சிவப்பிலும் டென்னசிக்கு விலக்கு. மஞ்சளைத் தொடக்கூடாது. மேரிலாந்தும் மிசோரியும் பிறகு தாமாகவே ஒழித்தன. கென்டகி, டெலவேரை அழிக்க 1865 டிசம்பரில், நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியலமைப்புத் திருத்தம் வரவேண்டியிருந்தது.