ஆடாதோடைக் கஷாயம்: சளி இருமலுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வேலியோரச் செடியில் பறிப்பதானால் இலையை முதலில் உறுதி செய்யுங்கள். ஈட்டி வடிவில், எதிரெதிர் ஜோடியாக இருக்கும். பூ வெள்ளை, உள்ளே ஊதாக் கோடுகள். மருந்து அடித்த வயலோர இலை வேண்டாம்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு முற்றிய இலை நான்கு போதும். கழுவி, நடுநரம்பை நீக்கிக் கிள்ளிப் போடுங்கள். தட்டிய மிளகு மூன்று, விரல்நுனி அளவு அதிமதுரம், 400 மில்லி தண்ணீர். மண்சட்டியில் சிறுதீயில், மூடாமல், 100 மில்லியாகச் சுண்ட வேண்டும். தீ கூடினால் தண்ணீர்தான் வற்றும், சாறு இறங்காது. வடிகட்டி, காலையும் மாலையும் பாதிப் பாதியாக வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். தேன் கலந்தாலும் கசப்பு போகாது. மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

இலையைக் கூட்டினால் வேகமாகக் குணமாகும் என்பது தப்புக்கணக்கு. வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் வரும். இதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

ஹோமியோபதிக் கடையில் ஜஸ்டீசியா அடதோடா என்று விற்பதும் இதே செடிதான். தாய்த் திராவகத்தில் (மதர் டிங்சர், நீர்க்காத மூல மருந்து) இலைச்சாறும் ஆல்கஹாலும் உண்டு. 30சி என்பதோ நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. இலைச்சத்து ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல் என்றால் அன்றே போங்கள்.