நைல்ஸ் இல்லாத ஃப்ரேஸியர்: பழைய சிட்காமைத் தூசி தட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

1999-இல் வந்த ஓர் எபிசோட். காதலர் தின மாலை. விருந்துக்கு ஒரு பெண் வரப்போகிறாள். நாயகன் ஃப்ரேஸியரின் தம்பி நைல்ஸ் கிரேன் தன் பேன்ட்டில் மடிப்பு சரியில்லை என்று இஸ்திரி போட ஆரம்பிக்கிறார். பிசிறாக ஒரு நூல் தெரிகிறது. கத்தரிக்கோலை எடுக்கிறார், விரலில் படுகிறது, ஒரு சொட்டு ரத்தம். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழும் ஆள் அவர். விழுகிறார், எழுகிறார், மறுபடியும் பார்த்துவிட்டு விழுகிறார். கடைசியில் சோபாவே பற்றிக்கொள்கிறது. ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு வசனமே கிடையாது. ‘ஃப்ரேஸியர்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் மறக்க முடியாத காட்சி எது என்று ரசிகர்களைக் கேட்டால் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

அந்தக் காட்சியில் ஃப்ரேஸியர் இல்லை. அது அவருடைய வீடுதான், தொடரும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. ஆனால் ஆள் அங்கே இல்லை.

2023 அக்டோபரில் பாராமவுண்ட் பிளஸ் ஸ்ட்ரீமிங் தளம் இந்தத் தொடரை மறுபடி கொண்டுவந்தபோது நிலைமை நேர் தலைகீழ். ஃப்ரேஸியராக நடித்த கெல்சி கிராமர் வந்தார். நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் வரவில்லை. அப்பாவைக் கவனித்துக்கொள்ள வந்து பின்னால் நைல்ஸின் மனைவியான டாஃப்னியாக நடித்த ஜேன் லீவ்ஸும் இல்லை. அப்பா மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி 2018-லேயே காலமாகிவிட்டார். சீசனுக்கு பத்து என்று இரண்டு சீசன், மொத்தம் இருபது எபிசோட். 2025 ஜனவரியில் கதை முடிந்தது.

‘கூட நடித்தவர்கள் இல்லாவிட்டால் இப்படித்தான்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது சுலபம். அதுவே ஒரு தவறு என்பேன். ஏனென்றால் 1993-இல் தொடங்கிய ஃப்ரேஸியரே கூட நடித்தவர்கள் இல்லாமல் தொடங்கிய தொடர்தான். ‘சியர்ஸ்’ என்ற தொடரில், பாஸ்டனில் தரைக்குக் கீழே இருக்கும் ஒரு மதுக்கூடத்துக்கு 1984-இல் வந்து சேர்ந்த மனநல மருத்துவர் ஃப்ரேஸியர். சில எபிசோடோடு போகவேண்டிய ஆள், தங்கிவிட்டார். 1993-இல் சியர்ஸ் முடிந்ததும் அந்த மதுக்கூடத்தின் நாயகன் சாம், கூட இருந்த நார்ம், கிளிஃப், கார்லா, வுடி எல்லோரையும் விட்டுவிட்டு அவரை மட்டும் சியாட்டிலுக்கு அனுப்பினார்கள். பதினோரு சீசன், 264 எபிசோட், 37 எம்மி விருது. அதில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான விருது மட்டும் தொடர்ந்து ஐந்து ஆண்டு.

அப்போ 1993-இல் பலித்தது 2023-இல் ஏன் பலிக்கவில்லை? தவறுகளை அங்கிருந்து பார்க்கலாம்.

பெயர்ப்பலகையில் இருப்பவரே தொடர் என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த்தவறு. தலைப்பில் இருக்கும் நடிகர் சம்மதித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். சிட்காமில் சிரிப்பு ஒரு ஆளிடம் இருப்பதில்லை. இரண்டு ஆளுக்கு நடுவில் இருக்கிறது. கவுண்டமணி–செந்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு எதிர்ச்சான்று கிட்டத்தட்ட ஒரு பரிசோதனை போலவே நடந்தது. ‘ரோசான்’ என்ற பழைய தொடர் 2018 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சியில் திரும்பி வந்தது. முதல் நாளே சுமார் 1.8 கோடிப் பேர் பார்த்தார்கள். மே மாதக் கடைசியில் நாயகி ரோசான் பார் போட்ட இனவெறி ட்வீட்டால் தொடரையே நிறுத்தினார்கள். அக்டோபரில் அதே வீடு, அதே சோபா, அதே குடும்பம், ரோசான் மட்டும் இல்லாமல் ‘தி கானர்ஸ்’ என்ற பெயரில் வந்தது. பெயர்ப்பலகையே போய்விட்டது. ஆனால் ஜான் குட்மேன், லாரி மெட்காஃப், சாரா கில்பர்ட் இருந்தார்கள். 2025 வரை ஏழு சீசன் ஓடியது.

நாயகி போய் குடும்பம் மிஞ்சிய தொடர் ஏழு சீசன். குடும்பம் போய் நாயகன் மிஞ்சிய தொடர் இரண்டு சீசன். தொலைக்காட்சியும் ஸ்ட்ரீமிங்கும் வேறு வேறு கணக்கு, நேராக ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் எதைப் பிடித்துக்கொண்டு எதை விடுவது என்று யோசிப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

போனவர் செய்த வேலையைப் பார்க்காமல், போனவரின் சாயலைத் தேடுவது

நைல்ஸ் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? காபிக் கடையில் உட்காருவதற்குமுன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பது. ஒயின் பற்றிய அலட்டல். கண்ணில் காட்டப்படாமலே நம்மைச் சிரிக்கவைத்த மனைவி மாரிஸ். இதெல்லாம் சாயல். புதிய தொடரில் நைல்ஸ்–டாஃப்னியின் மகன் டேவிட் என்று ஒரு பாத்திரம் வருகிறது. பதற்றம், தடுமாற்றம், எதைக் கண்டாலும் பயம். நடித்த இளைஞர் ஆண்டர்ஸ் கீத் திறமைசாலி, அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்தது அப்பாவின் சட்டை.

நைல்ஸின் வேலை வேறு. ஃப்ரேஸியர் பெரிய அலட்டல்காரர். அவரை நாயகனாக்கி 264 எபிசோட் ஓட்டினால் நமக்கு எரிச்சல் வந்திருக்கவேண்டும். வரவில்லை, காரணம் பக்கத்தில் அவரைவிட ஒரு படி கூடுதலாக அலட்டும் தம்பி. தம்பியைப் பார்த்து அண்ணனே ‘இது கொஞ்சம் ஓவர்’ என்று முகம் சுளிக்கும்போது அண்ணன் நம் பக்கம் வந்துவிடுகிறார். மறுபக்கம் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா: பீர், விளையாட்டு, கிழிசலுக்குப் பட்டி ஒட்டிய கோடுபோட்ட சாய்வு நாற்காலி. கோகோ ஷனெலின் பாரிஸ் அறையில் இருந்த சோபாவின் நகல் என்று ஃப்ரேஸியர் பீற்றிக்கொள்ளும் சோபாவுக்கு எதிரே அந்த நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் நாயகன்.

சியர்ஸில் அவர் இருந்த இடம் இதுவல்ல. சாதாரண ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரே ஒரு மேதாவி, ஓரத்தில் உட்கார்ந்து அடிவாங்கும் பாத்திரம். 1993-இல் எழுதியவர்களின் சாமர்த்தியம், சாமுக்குப் பதில் இன்னொரு சாமைத் தேடாததில் இருக்கிறது. ஓரத்தில் இருந்தவரை நடுவுக்கு நகர்த்த யார் யார் வேண்டும் என்று பார்த்தார்கள். இத்தனைக்கும் தம்பி என்ற பாத்திரம் முதலில் திட்டத்திலேயே இல்லை. நடிகர் தேர்வில் இருந்த ஒருவர் டேவிட் ஹைட் பியர்ஸின் படத்தைக் காட்டி, இளவயது கிராமர் போலவே இருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் நைல்ஸ் பிறந்தார். (சியர்ஸில் ஃப்ரேஸியர் தன் அப்பா இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். 1995-இல் சாம் விருந்தாளியாக வந்து அதைக் கேட்டபோது, அப்பாமீது கோபம், அதனால் அப்படிச் சொன்னேன் என்று சமாளித்தார். பழைய கதைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தால் போதும்.)

2023-இல் என்ன ஆனது? பாஸ்டன், ஹார்வர்ட், சுற்றிலும் இளைஞர்கள். மகன் ஃப்ரெடி ஹார்வர்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தீயணைப்பு வீரனாகிவிட்டவன். எதிர்வீட்டு ஈவ் மதுக்கடையில் வேலை செய்பவள். பெரும்பாலும் சாதாரணமாகப் பேசுகிறவர்கள், நடுவில் தனித்து நிற்கும் மேதாவி ஃப்ரேஸியர். அதாவது ஃப்ரேஸியரை மறுபடி சியர்ஸ் காலத்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ‘நீதான் நாயகன்’ என்றும் சொல்லிவிட்டார்கள். தவிலே இல்லாமல் நாகஸ்வரத்தைத் தனியாக ஊது என்றால் அவரும் என்னதான் செய்வார்?

தலைகீழாக்கினால் போதும் என்று நம்புவது

அன்று மகனாக இருந்தவர் இன்று அப்பா. அன்று அப்பாவைப் புரிந்துகொள்ளாதவரை இன்று மகன் புரிந்துகொள்ளவில்லை. காகிதத்தில் அழகான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பழைய தொடரில் மார்ட்டின் மகன் வீட்டுக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. இடுப்பில் குண்டடி, கையில் தடி, தனியாக இருக்க முடியாது. மகனுக்கும் வேறு வழியில்லை. யாரும் எழுந்து போகமுடியாத வீட்டில்தான் சண்டை சூடாக இருக்கும். புதியதில் ஃப்ரேஸியர் வசதியானவர், மகன் குடியிருக்கும் கட்டடத்தையே வாங்கிவிடுகிறார். மகன் இளைஞன், வேலையில் இருப்பவன். பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பார்த்துக்கொண்டு போகலாமே என்ற கேள்வி ஒவ்வொரு சண்டையிலும் என் மனதில் ஓடியது.

தலைகீழாக்குவதைச் சரியாகச் செய்தவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். ‘ஓபன் ஆல் ஹவர்ஸ்’ தொடரில் மளிகைக்கடைக் கருமி ஆர்க்ரைட்டாக ரோனி பார்க்கர், அவரிடம் மாட்டிக்கொண்ட சகோதரி மகன் கிரான்வில்லாக டேவிட் ஜேசன். பார்க்கர் 2005-இல் மறைந்தார். 2013 கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘ஸ்டில் ஓபன் ஆல் ஹவர்ஸ்’ வந்தது. கடை அதே கடை, கையைக் கடிக்கும் பழைய கல்லாப்பெட்டியும் அதேதான். கிரான்வில் இப்போது அவரே கருமியாகிவிட்டார், அவர் மகன் மாட்டிக்கொண்டு முழிக்கிறான். பழைய தொடரை எழுதிய ராய் கிளார்க்கே எழுதினார், 2019 வரை ஓடியது. பழைய தொடரின் தரம் என்று சொல்லமாட்டேன், பல வசனங்கள் முன்பே கேட்டவை. ஆனால் வாழ்நாள் முழுக்க எந்த ஆளை வெறுத்தானோ அந்த ஆளாகவே மாறி நிற்கிறான் என்பதில் ஒரு கதை இருக்கிறது. பார்க்கர் இல்லாததையே அந்தத் தொடர் முதலாக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் 2023-இல் வந்த ‘நைட் கோர்ட்’டும் இதே வழியில் போனது. நீதிபதியாக நடித்த ஹாரி ஆண்டர்சன் உட்படப் பழைய கூட்டத்தில் பலர் உயிரோடு இல்லை. திரும்பி வந்த முக்கியமானவர் ஜான் லாரகெட் ஒருவரே. அன்று ஆணவம் பிடித்த அரசுத் தரப்பு வழக்கறிஞர், இன்று மனைவியை இழந்து ஏழைகளுக்காக வாதாடும் பக்கத்துக்கு வந்துவிட்டவர். நீதிபதி நாற்காலியில் பழைய நீதிபதியின் மகள். எரிந்து விழும் கிழவருக்கு எதிரே சலிக்காமல் சிரிக்கும் பெண். மூன்று சீசன் தாங்கியது.

இல்லாதவரைக் கையாளத் தெரியாமல் விழிப்பது

ஒருவர் வரமறுத்தால் அதைக் கண்சிமிட்டி ஜோக் ஆக்குவது ஒரு பழக்கம். ‘ஃபுல்லர் ஹவுஸ்’ 2016-இல் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கியபோது, பழைய தொடரில் கடைக்குட்டி மிஷெலாக மாறி மாறி நடித்த ஓல்சன் இரட்டையர் வரவில்லை. மிஷெல் நியூயார்க்கில் ஃபேஷன் தொழிலில் பிசி என்று சொல்லிவிட்டு, மொத்தக் குடும்பமும் கேமராவை முறைத்தது. ஒருமுறைக்கு நல்ல ஜோக். அதையே பழக்கமாக்கினால் இல்லாதவர்தான் தொடரின் நாயகர் ஆகிவிடுவார்.

இறந்தவர்களை இப்படிக் கடந்துவிட முடியாது. ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடரில் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் தாத்தாவின் சவ அடக்கத்தையே ஓர் எபிசோடாக்கினார். அழவும் வைக்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. பின்னால் வந்த ஆல்பர்ட் மாமா இன்னொரு தாத்தா அல்ல. கப்பற்படைக் கதைகளோடு வந்த வேறொரு கிழவர். சியர்ஸிலும் 1987-இல் நாயகி டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகியபோது இன்னொரு டயானைத் தேடவில்லை. அந்த இடத்துக்கு வந்த ரெபெக்கா முற்றிலும் வேறு ஜாதகம். தொடர் இன்னும் ஆறு சீசன் ஓடியது.

மார்ட்டின் விஷயத்தில் புதிய ஃப்ரேஸியரைப் பாராட்டத்தான் வேண்டும். கதையிலும் அவர் இறந்துவிட்டார், கூட்டம் கூடும் மதுக்கடைக்கு நடிகரின் பெயரையே வைத்து ‘மஹோனிஸ்’ என்றார்கள். துக்கத்தை எழுதத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் தம்பியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

விருந்தாளிகளை ஆக்ஸிஜன் சிலிண்டராக்குவது

பழைய வானொலித் தயாரிப்பாளர் ராஸாக பெரி கில்பின், முன்னாள் மனைவி லிலித்தாக பீபி நியூவர்த் வந்த எபிசோடுகளில் தொடருக்கு முகம் தெளிந்துவிடும். இரண்டாவது சீசனில், முன்பு நிகழ்ச்சி நடத்திய சியாட்டில் வானொலி நிலையத்துக்கே போய்ப் பழைய சகாக்களைச் சந்தித்தார் ஃப்ரேஸியர். ரசித்தேன். ஆனால் அடுத்த வாரம் அவர்கள் போனதும் வீடு முன்பைவிட வெறிச்சென்று இருந்தது. 1993 ஆட்கள் இதில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்று பாருங்கள். முதல் சீசனில் லிலித், இரண்டாவதில் சாம். நார்மும் கிளிஃபும் கார்லாவும் வர 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதுக் குடும்பம் சொந்தக் காலில் நின்றபிறகு வரும் விருந்தாளிதான் விருந்தாளி.

பத்தே எபிசோடில் நட்பு மலரும் என்று எதிர்பார்ப்பது

சியர்ஸ் தொடங்கியபோது தரவரிசையில் கிட்டத்தட்ட கடைசி. ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி பொறுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் ஒரு சீசன் என்றால் இருபத்துச் சொச்சம் எபிசோட், எழுதுகிறவர்கள் தங்கள் நடிகர்களை வாராவாரம் பார்த்து, எவர் பக்கத்தில் எவர் நின்றால் பொறி பறக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். நைல்ஸ் டாஃப்னியிடம் மனதைச் சொல்லாமல் ஏழு சீசன் தவித்தார். இன்றைய கணக்கில் ஏழு சீசன் என்றால் எழுபதே எபிசோட்தான், அதற்குள் தொடரையே நிறுத்தியிருப்பார்கள்.

பார்ப்பவர்களாகிய நாமும் சும்மா இல்லை. பழைய தொடரில் நினைவில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு எபிசோடுகளை எடுத்து, புதியதின் மூன்றாவது எபிசோடோடு ஒப்பிடுகிறோம். 264-இல் சுமாரானவையும் இருந்தன, கடைசிச் சில ஆண்டுகளில் நிறையவே.

புதிய தொடரில் உண்மையில் ஒரு பொறி இருந்தது. ஃப்ரேஸியரின் ஆக்ஸ்ஃபோர்ட் காலத்து நண்பர், ஹார்வர்ட் பேராசிரியர் ஆலன். நடித்தவர் நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட், மேலே சொன்ன ‘ஒன்லி ஃபூல்ஸ்’ தொடரில் தம்பி ராட்னியாக வந்தவர். ஆலனுக்கு ஃப்ரேஸியர் அளவு படிப்பு உண்டு. லட்சியம் மட்டும் துளியும் இல்லை. குடிப்பார், வகுப்பெடுக்கமாட்டார், யார் என்ன நினைத்தால் என்ன என்று இருப்பார். ஊர் மெச்சவேண்டும் என்று துடிக்கும் ஃப்ரேஸியருக்கு எதிரே எதற்கும் அசையாத ஒரு சமமான ஆள். நைல்ஸின் சாயல் கொஞ்சமும் இல்லை, அதனால்தான் அவர் வரும்போது நைல்ஸ் நினைவுக்கு வருவதில்லை. அந்த இருவரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டி, மற்றவர்களைச் சுற்றி நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது சீசனில் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது தெரிந்தது. அதற்குள் இருபது எபிசோடும் தீர்ந்துவிட்டது.