பிள்ளையின் பிறந்தநாள்: கையைக் கடிக்காமல் கொண்டாட, தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் மதுரையில் பல வீடுகளில் முதலில் முடிவாவது மண்டபம்தான். அப்புறம் பிளக்ஸ், அப்புறம் போட்டோகிராபர். யார் யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு கடைசியில் வரும், வந்ததும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். செலவு கையை மீறுவது இந்த வரிசையால்தான். எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் இடம், சாப்பாடு, கேக் எல்லாம் அதற்கேற்ப அடங்கிவிடும். இந்த வயதில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் போதும். கூட்டம் கூடினால் பிறந்தநாள் பிள்ளைதான் முதலில் மிரண்டு அழும்.

சரி, சொந்தபந்தத்தை விட முடியுமா? “ஏப்பா, எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீகளோ?” என்று அத்தை கேட்டால் என்ன பதில் சொல்வது? நம் வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பிறந்தநாள் உண்டு, நட்சத்திரப்படி ஒன்று, தேதிப்படி ஒன்று. நட்சத்திரத்தன்று தாத்தா பாட்டி, அத்தை மாமாவோடு கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியை ஒட்டிய ஒரு ஞாயிறு மாலையைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் மனக்குறை இருக்காது.

மொய்யில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கி விருந்து வைப்பது இன்னொரு தவறு. வந்த மொய் நோட்டில் ஏறும், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அதை வருமானமாக நினைக்கவே கூடாது.

நாள் குறிக்கும்போது முகூர்த்த நாளைத் தவிருங்கள். அன்று மண்டபமும் கிடைக்காது, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலையும் ஏறியிருக்கும். சித்திரைத் திருவிழாச் சமயத்தில், முக்கியமாக அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், ஊருக்குள் வண்டி ஓட்டி வந்து சேர்வதே பெரும்பாடு.

இடத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை, மொட்டை மாடி இருந்தால். ஆனால் நம் ஊர் வெயிலை மறந்துவிட்டு நான்கு மணிக்கே விரிப்பைப் போடுவார்கள். சித்திரை, வைகாசியில் அந்த நேரத்தில் தரையில் கால் வைக்க முடியாது. ஐந்து மணிக்குமேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, தரை ஆவி விட்டு ஆறட்டும், அப்புறம் பாய் விரிக்கலாம். பலூனையும் மதியமே ஊதிக் கட்டாதீர்கள். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, கட்டிய வேகத்திலேயே படபடவென்று வெடிக்கும். முக்கால்வாசி மட்டும் ஊதி, வெயில் தாழ்ந்தபின் கட்டினால் நிற்கும். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மாடி வேண்டவே வேண்டாம், கீழே வீட்டு ஹாலே போதும். மாநகராட்சிப் பூங்காவில் வைப்பதாக இருந்தால், கேக்கும் அலங்காரமும் கொண்டுவர அனுமதி உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அலங்காரச் சாமான்களை வீட்டுப் பக்கத்துக் கடையில் ‘செட்’ ஆக வாங்குவதைவிட, விளக்குத்தூண், கீழவாசல் பக்கம் மொத்த விலைக் கடைகளில் பாக்கெட்டாக வாங்கினால் குறையும். தெர்மாகோலில் பிள்ளையின் பெயரை வெட்டி ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் கப்பும் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அலங்காரத் தெர்மாகோலும் பலூனில் மாட்டும் பிளாஸ்டிக் குச்சியும்கூடத் தடைப் பட்டியலில் உள்ளன. பாக்குமட்டைத் தட்டும் வாழை இலையும் நம்மிடம் இருக்கும்போது என்ன கவலை?

இனிச் சொல்வது காசு விஷயம் அல்ல, ஆனால் இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கேக்கில் பொறி பறக்கும் மெழுகுவத்தி எரியும்போதே ஸ்னோ ஸ்பிரே அடிக்கிறார்கள். அந்த டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. தீ பட்டால் நுரையோடு சேர்ந்து முகத்தில் பற்றும், குனிந்து ஊதிக்கொண்டிருப்பது குழந்தை. கேஸ் பலூனும் அப்படித்தான். ஹீலியம் எரியாது, ஆனால் விலை கூடுதல். மலிவாகக் கிடைப்பதில் ஹைட்ரஜன் இருக்கலாம், அது ஒரு பொறி பட்டாலே குப்பென்று பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்து இன்னது என்று சொல்ல முடியாது. ஸ்னோ ஸ்பிரே, கேஸ் பலூன் இரண்டையும் வாங்காதீர்கள், காசும் மிச்சம். வெடித்த ரப்பர் பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிட ஒருவரை நியமியுங்கள். வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைத்துவிடும்.

கேக் விஷயத்தில் ஒரு கிலோ பதினைந்து பிள்ளைகளுக்குத் தாராளமாக வரும். மூன்று கிலோவில் பொம்மை வைத்து, மேலே சர்க்கரைப் பாகு மாவு போர்த்திய கேக்குக்குக் கொடுக்கும் பணம் அந்தப் போர்வைக்குத்தான். பிள்ளைகள் அதை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் தின்னும். கிரீம் கேக்கை வெயிலில் ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் வீடு சேர்வதற்குள் சரிந்துவிடும். மாலையில் வாங்குங்கள், ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலையிலேயே காலி செய்து வையுங்கள்.

சமோசா, சிப்ஸ், கலர் என்று தட்டு நிறைய வைத்தால் பாதி குப்பைக்குத்தான் போகும். பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்துச் சூடாக எடுத்துக் கொடுங்கள், காரம் குறைத்து ஒன்று, வெல்லம் போட்டு ஒன்று. குச்சியால் திருப்பிப் போடுவதைப் பார்க்கவே பிள்ளைகள் சுற்றி வந்து நிற்கும், சட்டியிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு படி மாவில் அத்தனை பேருக்கும் வயிறு நிறையும். நிலக்கடலையும் முழுத் திராட்சையும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், புரையேறும். கலர் கலராகப் பஞ்சு மிட்டாய் மிஷின் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்தது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை விதித்தது அந்தப் பஞ்சு மிட்டாய்க்குத்தான்.

ரிட்டர்ன் கிஃப்ட் என்று நாலு நாளில் உடையும் பிளாஸ்டிக் சாமானைக் கொடுப்பதைவிட, விளையாட்டையும் பரிசையும் ஒன்றாக்கிவிடலாம். திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம், வர்ணம் பூசாத சின்னப் பொம்மை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்றும் தூரிகையும் கொடுத்து உட்கார வைத்தால் முக்கால் மணி நேரம் சத்தமே இருக்காது. தான் பூசிய பச்சை யானையை எந்தப் பிள்ளையும் வழியில் போட்டுவிட்டுப் போகாது. மைக், டிஜே, விளையாட்டு நடத்தும் ஆள் எதுவும் வேண்டியதில்லை.

அழைப்பில் ஆரம்பிக்கும் நேரத்தை மட்டும் போட்டு முடியும் நேரத்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது ராத்திரிச் சாப்பாடும் உங்கள் தலையில் விழும். ‘மாலை 5.30 முதல் 7.30 வரை, சிற்றுண்டி உண்டு, அன்பளிப்பு வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் தெளிவாகப் போட்டுவிடுங்கள். பெற்றோர் அதற்கேற்ப வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.