அசீரிய மேட்டில் மண்சுவரைக் கண்டுபிடிப்பது எப்படி: லேயார்டின் முறையும் அதில் திருத்த வேண்டியதும்

வட ஈராக்கின் மோசுல் நகரைச் சுற்றியுள்ள, பழைய அசீரியப் பேரரசின் நகரங்கள் புதைந்துகிடக்கும் மேடுகளில் சுவரும் மண். அறைக்குள் சரிந்து நிறைந்து கிடப்பதும் அதே மண். 1845 நவம்பரில் ஆறு கூலியாட்களோடு அவற்றில் ஒன்றான நிம்ரூதில் தோண்டத் தொடங்கிய ஆஸ்டின் ஹென்றி லேயார்டு (1839ல் பிழைப்புத் தேடி இலங்கைக்குத் தரைவழியே கிளம்பி, மேற்காசியாவிலேயே தங்கிவிட்டவர்) இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. சுவரில் பதித்த சிற்பக் கல்பலகையின் விளிம்பு தட்டுப்பட்டால் அதை ஒட்டியே வாய்க்கால் போல வெட்டிக்கொண்டு போவார். மூலை வந்தால் திரும்புவார். அரண்மனைகள் அகப்பட்டன. ஆனால் அறைகளின் நடுப்பகுதி பெரும்பாலும் தோண்டப்படாமல் நின்றது. பலகை பதிக்காத வெறும் மண்சுவர்கள் கண்ணில் படாமலே போயின.

இன்று தேடுகிறவர் அனுமதி கிடைத்ததும் முதலில் படம் பார்க்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களில், பிற்பாடு உழவிலும் அணைநீரிலும் மறைந்த மதில்களும் பழைய பாதைகளும் தெரிகின்றன. நீண்ட மதில் கோடு, அதை ஒட்டி ஒரு பக்கமாக உயர்ந்த கோட்டைமேடு, இரண்டும் சேர்ந்திருந்தால் தலைநகராக இருக்கலாம். பிறகு நேரில், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நடந்து பாருங்கள். மழைநீர் அரித்த ஓடைகளை விடாதீர்கள். செலவில்லாமல் கிடைக்கும் வெட்டுமுகம் அது.

மேலே ஒன்றும் இல்லையென்றால் அடியிலும் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிரெஞ்சுத் தூதர் போத்தா 1842 டிசம்பரில் கூயுஞ்சிக் மேட்டைத் தோண்டினார். சொல்லும்படி எதுவும் கிடைக்காததால் அடுத்த மார்ச்சில் கோர்சாபாத் என்ற வேறொரு மேட்டுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன மேட்டின் அடியில்தான் அசீரிய அரசன் சென்னாகெரிபின் அரண்மனை இருந்தது. பின்னாளில் லேயார்டு அங்கே 71 அறைகளையும் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குச் சிற்பப் பலகைகளையும் கண்டார். மேட்டின் சரிவில் படிப்படியாக இறங்கும் குழி ஒன்றைக் கன்னிமண் (மனிதத் தடமே இல்லாத அடிமண்) வரை வெட்டிப் பார்த்தால்தான் எந்த ஆழத்தில் எந்தக் காலம் என்று தெரியும்.

இனி சுவர். 10 மீட்டர் சதுரக் குழிகளாகப் பிரித்து, நடுவே தோண்டாமல் 1 மீட்டர் தடுப்பு விடுங்கள். தரையைக் கரணையால் மட்டமாகச் சீவிச் சுத்தமாக்குங்கள். இடிபாட்டு மண்ணில் பானை ஓடு, கரி, எலும்பு எல்லாம் கலந்திருக்கும், கொத்தினால் உதிரும். சுவர்மண் ஒரே சீராக இறுகியிருக்கும். செங்கல்லும் இடைச்சாந்தும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. அதனால் லேசாக நீர் தெளித்து, காயும்போது பார்த்தால் கட்டக்கோடுகள் எழும்பும். ஏறக்குறைய 35–40 செ.மீ. சதுரத்தில் அந்தக் கட்டங்கள் ஒழுங்காக வந்தால் அது சுவர்.

சுவரின் முகத்தை எப்போதும் இடிபாட்டுப் பக்கமிருந்தே நெருங்குங்கள். கடைசி 5 செ.மீ. வரும்போது கொத்தும் கருவியை வைத்துவிட்டுக் கரணை முனையால் மட்டும் நெம்புங்கள். இடிபாட்டு மண் சுவர்ப் பூச்சிலிருந்து பொரிந்து தானாக விழும். இங்கே அவசரப்பட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: சுவரைத் தாண்டி உள்ளே வெட்டிவிடுவோம், அல்லது இல்லாத சுவரை இடிபாட்டிலேயே செதுக்கிவிடுவோம். பூச்சு கீழே இறங்கி, வளைந்து, தரைப்பூச்சோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் அந்த முகத்தை நம்பாதீர்கள். 1903 முதல் அசீரியரின் பழைய தலைநகரான ஆசூரில் அகழ்ந்த ஜெர்மானியக் குழுவிடம் இந்த வேலையைக் கற்ற, பக்கத்து ஷெர்காத் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதில் பேர்போனவர்கள். அப்படிப்பட்ட ஒரு கை குழியில் இருப்பது எந்தக் கருவியையும் விட மேல்.

சிற்பப் பலகை வந்தால் தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வையுங்கள். பலகை ஜிப்சம், நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒட்டியிருக்கும் பழைய வண்ணமும் போய்விடும். உலர்ந்த மென்தூரிகை போதும். கி.மு. 612ல் அசீரிய நகரங்கள் அழிந்தபோது தீப்பட்ட பலகைகள் காற்றுப் பட்டதும் பொடிப்பொடியாகும். ஆகவே நகர்த்தும் முன்பே, அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி முழுவதும் படமெடுத்துவிடுங்கள்.

ஊர்ப் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். அசீரியத் தலைநகர் நினிவே கூயுஞ்சிக்கில்தான் இருந்தது. ஆனால் போத்தா கோர்சாபாத்தை நினிவே என்றார். அது அரசன் சார்கோன் கட்டிய தூர்-ஷர்ருகின் நகர். லேயார்டு நிம்ரூதை நினிவே என்றார், அது கல்ஹு என்ற வேறொரு நகர். எழுத்துள்ள கல் கிடைத்தாலும் போதாது. நிம்ரூதின் தென்மேற்கு அரண்மனைக்கு அரசன் எசர்ஹதோன் பழைய அரண்மனைகளின் பலகைகளைப் பெயர்த்து வந்து, சிற்பமுகம் உள்ளே போகும்படி சுவரில் பதித்திருக்கிறார். எனவே ஒவ்வொரு எழுத்துச் செங்கல்லுக்கும் அது கட்டுமானத்தில் பதிந்திருந்ததா, இடிபாட்டில் கிடந்ததா, எழுத்து எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று எடுக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பதிந்த நிலையில் ஒரே அரசன் பெயர் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால் கட்டியவர் அவர் என்று எழுதலாம்.