மார்கழிப் பனிக்கு எந்த வனிலா சென்ட்?

மார்கழியில் விடியப்புறம் கிளிநொச்சியில் இரணைமடுப் பக்கம் போனால் எதிரே வருகிற சைக்கிள் தெரியாத அளவுக்குப் பனி. அந்த நேரத்துக்கு வனிலாவும் கறுவாவும் கலந்த வாசம் அருமையாகப் பொருந்தும். ஆனால் பத்து மணிக்கு அதே இடத்தில் வெயில் சுடும். வெளிநாட்டில் குளிருக்கென்று புகழப்படும் சென்ட்டுகள் இங்கே சறுக்குவது அதனால்தான்.

கனடாவிலிருந்து வந்த மச்சாள் எனக்கு இரண்டு சின்னக் குப்பிகள் தந்தாள். ஒன்று டொம் ஃபோர்டின் டொபாக்கோ வனில், 2007இல் வந்தது. மற்றது விக்டர் அண்ட் ரோல்ஃபின் ஸ்பைஸ்பொம்ப் எக்ஸ்ட்ரீம், 2015. இரண்டிலும் புகையிலையும் வனிலாவும் உண்டு. முதலாவதில் கொக்கோவும் உலர்பழ இனிப்பும் சேரும். இரண்டாவதில் மிளகு முன்னுக்கு நிற்கும். எது இங்கே பொருந்தும் என்று பார்ப்பது இப்படித்தான்.

படி 1: முழுப் போத்தல் வாங்காதீர்கள். 2 மில்லிலீற்றர் குப்பி போதும்.

படி 2: இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் மற்றது. ஒரு நாளைக்கு இந்த இரண்டு மட்டும். தேய்க்க வேண்டாம்.

படி 3: பொறுங்கள். இதில்தான் எல்லாரும் அவசரப்படுவார்கள். முதல் கால் மணித்தியாலம் அல்ககோலும் மிளகும்தான் மூக்கில் ஏறும். வனிலா மெதுவாக ஆவியாகும் சரக்கு. இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் தன் முகத்தைக் காட்டும். ஆகவே ஆறு மணிக்குப் பனியில் ஒருதரம், பதினொரு மணிக்கு வெயிலில் ஒருதரம் மணந்து பாருங்கள். மூக்கு களைத்தால் கோப்பிக்கொட்டை தேடவேண்டாம், வெளியே போய் நல்ல காற்று வாங்குங்கள்.

படி 4: சனத்துக்குள் போங்கள். டொபாக்கோ வனில் பூசிக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினேன். கண்ணாடிகள் பூட்டிக் கிடந்தன. பரந்தன் தாண்டமுதலே பின்சீற்று அம்மா ஒருவர், "ஆரப்பா கிறிஸ்மஸ் கேக் கொண்டு வாறது?" என்று கேட்டுவிட்டார். எனக்கே தலை இடித்தது. ஸ்பைஸ்பொம்ப் எக்ஸ்ட்ரீம் பூசிய அன்றைக்கு அது வெயிலிலும் அடங்கித்தான் இருந்தது.

என் தெரிவு ஸ்பைஸ்பொம்ப் எக்ஸ்ட்ரீம். பகலில் வெளியே திரிகிற ஆளுக்கு அதுதான் சரி, விலையும் குறைவு. இரவுக் கலியாண வீட்டுக்கு மட்டும் என்றால் டொபாக்கோ வனில், அதுவும் ஒரே ஒரு அடி, சட்டைக்கு உள்ளே நெஞ்சில்.

வெள்ளைச் சட்டையில், வேட்டியில் நேரே அடிக்காதீர்கள். வனிலா வாசம் தருகிற 'வனிலின்' என்ற பொருள் நாள்படக் கபில நிறமாகும். என் கோயில் வேட்டியில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒன்று இன்னும் இருக்கிறது. போத்தலைத் தகரக் கூரைச் சூட்டில் விடாமல், அலுமாரிக்குள் உடுப்புக்கு அடியில் வையுங்கள்.