கொலனோஸ்கோபிக்குக் கடிதம் வந்தால்: ஆயத்தம் சமையலறையில் தொடங்குகிறது

இங்கிலாந்தில் ஜீ.பி. (குடும்ப டொக்டர்) தந்த சின்னக் குழாயில் மல மாதிரி அனுப்பி, அதில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தால், அடுத்தது பெரும்பாலும் கொலனோஸ்கோபிதான். கமரா பொருத்திய வளையும் குழாயைப் பின்வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். சோதனை அரை மணி முதல் முக்கால் மணி நேரம். அது சரிவருமா என்பது முந்திய இரண்டு மூன்று நாள் வீட்டுச் சாப்பாட்டில் தங்கியிருக்கிறது.

கடிதத்தோடு வரும் உணவுப் பட்டியலில் நம் சாப்பாடு அநேகமாக இராது. வெள்ளையரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பம், மீன், முட்டை, கோழி, தோல் உரித்த உருளைக்கிழங்கு சாப்பிடலாம். குத்தரிசி, குரக்கன், கீரை, முருங்கைக்காய், பருப்பு, கடலை, தேங்காய்ப்பூ, வெண்டிக்காய் வேண்டாம். தக்காளி விதையும் செத்தல் மிளகாய் விதையும் அற்பமாகத் தெரியும். ஆனால் குழாயின் உறிஞ்சும் வழியை அடைப்பது இப்படிப்பட்ட விதைகள்தான்.

இரும்புச்சத்து மாத்திரையை 7 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடற்சுவரில் ஒட்டவைக்கும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவற்றையும் நீரிழிவு மருந்துகளையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கடிதத்திலுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பேதி மருந்து மொவிப்ரெப் என்றால், ஏ பக்கற் ஒன்றையும் பி பக்கற் ஒன்றையும் சேர்த்து ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். இப்படி இரண்டு தடவை. உப்புப் புளிப்பாக இருக்கும். குளிரவைத்து ஸ்ட்ரோவால் குடித்தால் இறங்கும். இதற்கு மேல் ஒரு லீற்றராவது தெளிந்த பானம் வேண்டும்: பால் விடாத பிளேன்டீ, வடித்த கோழிச் சூப் போன்றவை. சிவப்பு நிறப் பானம் வேண்டாம், உள்ளே இரத்தம் போலத் தெரியும்.

முதல் தடவையே எல்லாம் போய்விட்டது என்று இரண்டாவதை விட்டுவிடுவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. சிறுகுடலிலிருந்து பித்தநீர் தொடர்ந்து இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் மறுபடி படியும். இரண்டாவது லீற்றர் அதைக் கழுவத்தான். கடைசியில் சிறுநீர் போல மஞ்சளாய்த் தெளிந்து போக வேண்டும். மண்ணிறமாகவே போனால் புறப்படுமுன் அழைத்துச் சொல்லுங்கள்.

மயக்க ஊசி போட்டால் 24 மணி நேரம் வாகனம் ஓட்டவோ இயந்திரத்தில் வேலை செய்யவோ கூடாது. கூட்டிப்போகப் பெரியவர் ஒருவர் வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால், ஊசிக்குப் பதிலாக வலியைக் குறைக்க முகர்ந்தெடுக்கும் வாயு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடிதம் வந்த அன்றே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லிவையுங்கள், என்.எச்.எஸ்.ஸில் (அரச சுகாதார சேவையில்) அதற்குக் காசில்லை. குடலில் துளை விழலாம், இரத்தம் கசியலாம் என்பதையெல்லாம் விளக்கித்தான் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கவைக்கும் பேச்சல்ல அது. ஊசியின் மயக்கத்தில் டொக்டர் பிறகு சொன்னது மறந்துபோகும். அறிக்கையை எழுத்தில் வாங்காமல் வெளிக்கிடாதீர்கள்.

சோதனையின்போது குடலிலிருந்து சிறுகட்டி (பொலிப்) அகற்றியிருந்தால் இரண்டு கிழமை வரை இரத்தம் போகலாம். இரத்தம் உறைந்து கட்டி கட்டியாகப் போனாலோ, வயிற்றுவலி கூடிக்கொண்டே வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.